சம்பந்தி போட்ட முள்

நில்லுங்க தம்பி, நில்லுங்க. இனி மிதிக்காதீங்க. பின் சக்கரம் உக்காந்துருச்சு. புஸ்ஸுனு ஒரு சத்தம் கேட்டுச்சே, அப்பவே திரும்பிப் பாத்தேன். இறங்கி அந்தப் பனைமரத்துல சாத்துங்க, பாப்போம்.

முள்ளுதான். ஒண்ணு, ரெண்டு, இந்தா மூணாவது. மூணும் பச்சை முள்ளு. பிடுங்காதீங்க, பிடுங்காதீங்க! பிடுங்குனா இருக்கிற காத்தும் போயிரும். ஊருக்குப் பிரியுற விலக்கு ரோட்டுல பஞ்சர் கடை இருக்கு, முக்கால் கிலோமீட்டர்தான். நானும் அங்கிட்டுத்தான் போறேன், உருட்டிக்கிட்டே வாங்க.

மதுரையிலருந்தா வாரீங்க? சைக்கிள்லயேவா? ராமேஸ்வரம் வரைக்குமா? ஏன் தம்பி, பஸ்ஸு ஓடுதே. வேண்டுதலா? சும்மாதானா! நல்லாருக்கு போங்க. தலைக்குத் தொப்பி, கைக்கு உறை, தண்ணி குடிக்கக் குழாய், எல்லாம் வச்சிருக்கீங்க. ஒட்டுற பசை மட்டும் காஞ்சுபோச்சாக்கும்.

கண்மாய்க் கரையிலருந்து என் பின்னாடியேதான வந்தீங்க? நீங்க மணி அடிச்சதெல்லாம் கேட்டுச்சு. என் சைக்கிள்ல இருக்கிற முள்ளுக் கட்டு பாதி ரோட்டை அடைச்சுக்கிருது, ஒதுங்க இடம் இல்ல. மனசுல வச்சுக்கிடாதீங்க. இந்தப் பக்கமா நடங்க, அந்தப் பக்கம் வந்தா கையில கீறிரும்.

என் பேரு ஆண்டிச்சாமி. வேலி அடைக்கிறவன். இந்தச் சுத்துப்பட்டுல எந்தத் தோட்டத்துல ஆடு வாய் வைக்கலையோ, அது நான் அடைச்ச வேலின்னு வச்சுக்கங்க. கம்பி வேலியெல்லாம் ஆடு சாஞ்சு முதுகு சொறியத்தான் லாயக்கு. கருவை முள்ளைக் கொண்டாந்து, கவைக்கம்பால அமுக்கி, அடுக்கு மேல அடுக்கா நான் வச்சேன்னா கோழிக்குஞ்சு நுழையாது. கண்மாய்க்குள்ள கருவை மண்டிக் கிடக்கு. வெட்டி, கட்டாக் கட்டி, சைக்கிள்ல ஏத்தி, இந்த ரோட்டு வழியாத்தான் ஊருக்குள்ள கொண்டு போகணும். நமக்கு வேற ரோடு கிடையாது.

சொல்ல வந்ததை விட்டுட்டேன் பாருங்க. மூணு வருஷமா இந்த ரோட்டுல ஒருத்தருக்கும் பஞ்சர் கிடையாது. ஒருத்தருக்கும்! நீங்கதான் முத ஆளு. அதுவும் இன்னைக்குப் பாத்தா வரணும்? விடிஞ்சா என் மகளுக்கு வளைகாப்பு. தலைப்பிள்ளை, ஏழாம் மாசம். இந்த நேரம் பாத்து என் சம்பந்தி பழைய புத்தியைக் காட்டிட்டாரோன்னு பதறுது.

ஆமா, சம்பந்திதான். நாம போறமே, அந்தப் பஞ்சர் கடையே அவரோடதுதான். சீனிச்சாமின்னு பேரு. தங்கமான மனுஷன். அவர் ஒட்டுனா ஒட்டுன இடம் டயரை விடக் கெட்டியா இருக்கும். ஆனா ஒரு காலத்துல, உங்களோட இருக்கட்டும், வெளிய சொல்லாதீங்க, இந்த ரோட்டுல முள்ளு போட்டுப் பிழைச்சவரு.

நம்ப முடியலைல்ல? நானும் முதல்ல நம்பலை. எனக்கு அவர் மச்சான் முறை. காலையில லோடு இறக்கிட்டு அவர் கடை வாசல்ல உக்காந்தேன்னா ஒரு டீயை ரெண்டாப் பங்கு வச்சுத்தான் குடிப்போம். தனியாக் குடிச்சா ரெண்டு பேருக்கும் இறங்காது. அப்படி இருந்தோம்.

எல்லாம் இந்தக் கேரியரால வந்தது. முன்ன எனக்குச் சாதாரண கேரியர்தான், சின்னக் கட்டுத்தான் ஏறும். சீனிச்சாமிதான் சொன்னாரு, "மச்சான், ரெண்டு பக்கமும் கம்பி வச்சு அகலப்படுத்திருவோம், ஒரே நடையில மூணு கட்டு போகும்"னு. அவரே முன்ன நின்னு வெல்டிங் வச்சுப் பத்தவச்சும் குடுத்தாரு. இந்தா, இதுதான் அது, தொட்டுப் பாருங்க. அதுக்கப்புறம் நம்ம லோடு வேற மாதிரி ஆயிருச்சு. ரெண்டு பக்கமும் தோகை விரிச்சு நிக்கும், பின்னாடி தரையில சரசரன்னு இழுபட்டுக்கிட்டே வரும். வீட்டுக்குள்ள இருக்கிற பிள்ளைக சத்தத்தை வச்சே "ஆண்டிச்சாமி மாமா வாராரு"ன்னு சொல்லும்.

அந்த மாசம்தான் பஞ்சரும் ஆரம்பிச்சது.

நல்லா யோசிச்சுப் பாருங்க தம்பி. எனக்கு லோடு கூடுன அதே மாசம்! கேரியர் பத்தவச்சுக் குடுத்தவருக்கே மனசு பொறுக்கலை. இவனுக்கு இப்படி ஒரு யோகமான்னு தோணிருச்சு. வேற என்ன காரணம் இருக்க முடியும், நீங்க படிச்சவுக, சொல்லுங்க.

எனக்கு மட்டும்னா விட்டுருப்பேன். ஸ்டெல்லா டீச்சர் வண்டி வாரம் ரெண்டு தடவை நிக்கும். பள்ளிக்கூடத்துக்குப் போற பொம்பளப் பிள்ளைக, கவர்மெண்டு குடுத்த புது சைக்கிளை வரிசையா உருட்டிக்கிட்டுப் போகும்ங்க. எனக்கு அதைப் பாக்கச் சகிக்காது. என் லோடை ஓரமா நிப்பாட்டி, "போங்கத்தா, எனக்குப் பின்னாடியே வாங்க, நான் ரோட்டைப் பாத்துக்கிட்டே போறேன்"னு லோடையும் உருட்டிக்கிட்டே துணைக்கு முன்னாடி போவேன். போயும் என்ன? மிச்சம் இருந்த சைக்கிளும் பஞ்சராகும். அவ்வளவு முள்ளு போட்டு வச்சிருந்தாரு மனுஷன்.

அப்புறம் நான் கவனிக்க ஆரம்பிச்சேன். நான் ஒண்ணும் எடுத்தோம் கவிழ்த்தோம்னு பேசுற ஆள் இல்ல. முத விஷயம், எனக்கு எப்பவும் பின் சக்கரம்தான் போகும். ரெண்டு வருஷத்துல முன் சக்கரம் போனதா எனக்கு ஞாபகமே இல்ல. எவ்வளவு நுணுக்கம் பாருங்க! முன் சக்கரத்தை விட்டுட்டுப் பின் சக்கரத்துக்கு மட்டும் முள்ளு வைக்கிறதுன்னா சும்மாவா? கைத்தொழில் தெரிஞ்சவன்தான் செய்ய முடியும்.

ரெண்டாவது விஷயம், செவ்வாய் வெள்ளி. அந்த ரெண்டு நாளும் நான் மரத்துல அரிவாள் வைக்க மாட்டேன். எங்க அய்யா காலத்துலருந்து அப்படித்தான். வேலை இல்லையேன்னு விலக்குல போய் உக்காந்து ரோட்டைப் பாத்துக்கிட்டே இருப்பேன். ஒரு பஞ்சர் வராது தம்பி! டீச்சர் வண்டி சர்ருனு போகும். பிள்ளைக சிரிச்சுக்கிட்டே போகும்ங்க. ஏன்னு யோசிச்சேன், யோசிச்சேன், அப்புறம்தான் பிடிபட்டுச்சு. செவ்வாய் வெள்ளி சீனிச்சாமிக்கு விரதம். விரதத்தன்னைக்கு எந்த மனுஷன் பாவம் செய்வான்? புதன்கிழமை விடிஞ்சாப் போதும், மறுபடியும் போட்டுருவாரு.

இப்படி வாங்க, அந்தக் குழியில இறக்காதீங்க, சக்கரக் கம்பி வளைஞ்சுரும்.

நேர்ல பாத்தா என்னன்னு ஒரு சனிக்கிழமை வெள்ளன எந்திரிச்சு, கண்மாய்ல வெட்டி லோடு ஏத்தி, இந்தா இந்த இடத்துலதான், பாலத்துக்குக் கீழ சைக்கிளோட மறைஞ்சு நின்னேன். நல்லா விடிஞ்சு ஆள் முகம் தெரியுது. சீனிச்சாமி வாராரு. கையில விளக்குமாறு, இடுப்புல ஒரு சாக்குப் பை. குனியுறாரு, நிமிர்றாரு, குனியுறாரு, நிமிர்றாரு. எட்டிப் பாக்குறேன், ரோட்டுல கிடக்கிற முள்ளை ஒண்ணொண்ணாப் பொறுக்கிப் பைக்குள்ள போடுறாரு!

விளங்குதா? விடியுறதுக்கு முன்ன போட்டதுல மிச்சத்தைப் பொறுக்கிக்கிட்டுப் போறாரு. மறுநாளைக்கு ஆகணும்ல. ஒரு முள்ளை வீணாக்க மாட்டேங்கிறாரு பாருங்க, அம்புட்டுச் சிக்கனம். எனக்கு அன்னைக்கு நெஞ்சே வெடிச்சுருச்சு. சந்தேகம்னா ஒரு மாதிரி தம்பி, கண்ணால பாத்துட்டா வேற மாதிரி. அன்னையிலருந்து பேச்சை விட்டுட்டேன். பஞ்சரானா கடையில கொண்டு போய்ச் சைக்கிளைக் கவுத்து வச்சுட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டு நிப்பேன். அவரும் ஒட்டிக் குடுப்பாரு. "மச்சான், டீ"ம்பாரு. நான் கேக்காத மாதிரி வந்துருவேன். டீயை விட்டது எனக்குத்தான் கஷ்டமா இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. வீட்டுல எங்க வீட்டுக்காரி முழு டம்ளர் குடுப்பா. பாதிக்கு மேல இறங்காது.

இப்படி இருக்கையிலதான் என் மக செல்வி வந்து ஒரு குண்டைப் போட்டா. சீனிச்சாமி மகன் வேல்ராஜ், ஐஸ் கம்பெனியில மெக்கானிக்கு, குனிஞ்ச தலை நிமிராத பையன். அவனைத்தான் கட்டிக்கிருவேன்கிறா. முறை மாப்பிள்ளைதான், வேற நேரம்னா நானே தாம்பாளத்தைத் தூக்கிட்டுப் போயிருப்பேன். "முள்ளு போடுற வீட்டுல என் பிள்ளையை எப்படித்தா குடுப்பேன்?"னு கேட்டேன். சிரிச்சா. நான் சிரிக்கலை. அப்புறம் அழுதா. எனக்கும் அழுகை வந்துச்சு, ஆனா விட்டுக்குடுக்கலை. "அந்த ஆளு விலக்குல நாலு பேர் முன்னாடி, தப்பு என்னுதுதான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அன்னைக்கே பூ வைக்கிறேன். சொல்லலைன்னா இந்தப் பேச்சே வேண்டாம்"னுட்டேன்.

மறுநாள் அவ என்ன செஞ்சா தெரியுமா? நான் லோடை ஏத்திக்கிட்டுக் கண்மாய்லருந்து கிளம்புறேன், எனக்குப் பின்னாடியே நடந்து வாரா. "என்னத்தா"ன்னா "சும்மா வாரேம்ப்பா"ங்கிறா. கையில ஒரு துணிப்பை. ரெண்டு கிலோமீட்டரும் குனிஞ்சுக்கிட்டே வந்தா. வீட்டுக்கு வந்ததும் என் முன்னாடி முறத்துல கொட்டுறா. கும்பாச்சியா முள்ளு! "இம்புட்டும் உங்களுக்குப் பின்னாடி ரோட்டுல பொறுக்குனதுப்பா. இப்பவாவது தெரியுதா?"ன்னு கேக்குறா.

எனக்கு அப்படியே உடம்பு சிலிர்த்துப் போச்சு. "தெரியுதுத்தா, நல்லாத் தெரியுது. கட்டிக்கப் போறவனோட அப்பன்னு கூடப் பாக்காம நீயே சாட்சியைக் கொண்டாந்துட்டியே, என் பிள்ளைன்னா என் பிள்ளைதான்"னு தலையைத் தடவிக் குடுத்தேன். அவ என்னையே பாத்தா. அப்புறம் முறத்தைக் கீழ வச்சுட்டுச் சீனிச்சாமி கடைக்குக் கிளம்பிட்டா. ரெண்டு மணி நேரம். அங்க என்ன பேசுனா, எப்படிப் பேசுனா, இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நல்லா நாலு வார்த்தை சூடாக் கேட்டிருப்பான்னு நினைக்கிறேன். ஏன்னா மறுநாள் காலையிலேயே ஆள் அனுப்பிட்டாரு, "விலக்குக்கு வரச் சொல்லுங்க, ஒத்துக்கிறேன்"னு.

நாலு பேர்னா நாற்பது பேர் கூடிட்டாக தம்பி. பஸ் நிக்கிற நிழற்குடையில நிக்க இடம் இல்ல. டீக்கடைக்காரர் அடுப்பை அணைச்சுட்டு வந்துட்டாரு. ஸ்டெல்லா டீச்சர், பள்ளிக்கூடப் பிள்ளைக எல்லாம் நிக்கிறாக. சீனிச்சாமி வெள்ளை வேட்டி கட்டி வந்தாரு. துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு, எல்லாரையும் ஒரு பார்வை பாத்தாரு. "இந்த ரோட்டுல இம்புட்டு நாளா கிடந்த முள்ளுக்கெல்லாம் நான்தான் காரணம். அந்தக் கேரியரைப் பத்தவச்சுக் குடுத்த கை இந்தக் கைதான். தப்பு என்னுது. மச்சான் மன்னிச்சுக்கிறணும்"னாரு.

கேரியரை எதுக்கு இழுத்தாருன்னு விளங்கலை. குத்தம் செஞ்ச மனசு, ஒண்ணு சொல்ல வந்து ஒண்ணு சொல்லும். அதைப் பெருசு பண்ணலை நான். ஆனா ஊர்ச் சனத்துக்குச் சந்தோஷம்னா அப்படிச் சந்தோஷம். டீச்சர் முந்தானையை வாயில வச்சுக்கிட்டு குலுங்குறாக. டீக்கடைக்காரர் கண்ணைத் துடைக்கிறாரு. இம்புட்டு நாளாப் பிரிஞ்சிருந்த மாமன் மச்சான் சேந்தா ஊருக்கே சந்தோஷம்தான? நான் போய்க் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். அவர் உடம்பும் குலுங்குச்சு. பாவம், அழுகிறாருன்னு நினைச்சு முதுகுல தட்டிக் குடுத்தேன்.

அங்கயே பூ வைக்கிற பேச்சு முடிஞ்சது. அப்பச் சொல்றாரு, "மச்சான், எங்க பக்கத்துலருந்து உங்களுக்கு ஒரு சீர்"னு. பொண்ணு வீட்டுக்காரனுக்கு மாப்பிள்ளை வீட்டுச் சீர்! எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கீங்களா? பாத்தா, புதுத் தார்ப்பாய். நீலக் கலரு, நல்லா கனமானது, ஓரத்துல கயிறு கோத்திருக்கு. "இனி இதைப் போத்திக் கட்டாம முள்ளு ஏத்தக் கூடாது, மருமக தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணணும்"னாரு. செல்வி வந்து தலையைக் குனிஞ்சு நிக்கிறா. பண்ணிட்டேன். ஒரு மரியாதை தம்பி, வேற என்ன? பெரிய மனுஷருக்குப் பொன்னாடை போத்துற மாதிரி நம்ம தொழிலுக்குப் போத்துறாரு. ஒருத்தரை நோகடிச்சவரு பரிகாரம் செய்ய நினைச்சா தடுக்கக் கூடாது.

அன்னையிலருந்து பஞ்சர் நின்னு போச்சு. மந்திரம் போட்ட மாதிரி! ஒத்துக்கிட்ட நாளும் நின்ன நாளும் ஒரே நாளு. நீதிமன்றத்துக்குப் போனாக் கூட இதுக்கு மேல சாட்சி கிடையாது. தினமும் லோடோட கடையைத் தாண்டும்போது சம்பந்தி எந்திரிச்சு வந்து தார்ப்பாய் முடிச்சை இழுத்துப் பாப்பாரு. இன்னும் அந்த மரியாதை குறையலை. ஒரு டீயை மறுபடியும் ரெண்டாப் பங்கு வைக்கிறோம். அவருக்குத்தான் பாவம் கடையில கூட்டம் குறைஞ்சு போச்சு, அதைப் பத்தி ஒரு நாள் வாயைத் திறந்ததில்ல.

இன்னைக்கா? இன்னைக்குத் தார்ப்பாய் இல்லதான். நல்லாக் கவனிக்கிறீங்களே. நாளைக்கு அவுக வீட்டு வாசல்ல வளைகாப்புப் பந்தல். ஒரு பக்கம் மறைக்கத் துணி பத்தலைன்னு மாப்பிள்ளை முழிச்சுக்கிட்டு நின்னாரு. "இந்தாங்க, இதைக் கட்டுங்க"ன்னு நேத்துச் சாயங்காலம் நான்தான் அவுத்துக் குடுத்தேன். செல்வி உள்ள இருந்தா, அவளுக்குத் தெரியாது. சத்தியம் பண்ணது உண்மைதான். ஒரே ஒரு நாள்தான, முள்ளுக்கு என்ன சளியா பிடிக்கப் போகுது?

இந்தா, விலக்கு வந்துருச்சு. அந்தா, டயர் தொங்குதே, அதுதான் கடை. அட! என்னடா இழுக்குது இழுக்குதுன்னு பாத்தா, என் பின் சக்கரமும் உக்காந்துருச்சே! பாத்தீங்களா, பாத்தீங்களா? முன் சக்கரம் கல்லு மாதிரி இருக்கு. அதே வேலை! அதே கை! விடிஞ்சா வளைகாப்பு தம்பி, பிள்ளைத்தாச்சிக்கு வளையல் போட நான் இந்த வாசல்ல எப்படிக் கால் வைப்பேன்? இருங்க, நீங்க பேசாதீங்க, நான் கேக்குறேன்.

சம்பந்தி! ஓ சம்பந்தி! வெளிய வாங்க. இந்தப் பிள்ளை மதுரையிலருந்து வருது, மூணு முள்ளு. எனக்கு ஒண்ணு. என்ன அர்த்தம் இதுக்கு? தார்ப்பாயா? அது உங்க வீட்டுப் பந்தல்லதான் இருக்கு, நான்தான் குடுத்தேன். அதுக்கும் இதுக்கும் என்ன? ஏன் தலையில கைய வச்சுக்கிட்டு உக்காருறீங்க? சிரிக்காதீங்க சம்பந்தி. நாளைக்கு நான் வரவா வேண்டாமா? உங்க வாயால சொல்லுங்க.

என்ன? சத்தமாச் சொல்லுங்க, இந்தத் தம்பி காதுலயும் விழட்டும்.

கேட்டீங்களா தம்பி? "தப்பு என்னுதுதான் சம்பந்தி, நான்தான் பந்தலைப் பாத்திருக்கணும்"கிறாரு. பந்தலைப் பாத்துப் பூரிச்சுப் போய்ப் பழசு ஞாபகம் வந்துருச்சு போல. சரி, முடிஞ்சது. எனக்கு இதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம். டீ சொல்லுங்க சம்பந்தி, இன்னைக்கு மூணாப் பங்கு வச்சுருவோம்.

எங்க போறாரு பாருங்க. தன் கடை மேல போத்திருந்த சாக்கை உருவி என் லோடு மேல போட்டுக் கட்டுறாரு. இந்தா, விளக்குமாத்தையும் எடுத்துட்டாரு. உச்சி வெயில்ல, நாம வந்த ரோட்டைக் கூட்டிக்கிட்டே போறாரு. யாராச்சும் சொன்னாகளா? தானாப் போறாரு.

தப்பு எல்லாரும்தான் பண்றோம் தம்பி. ஆனா நாலு பேர் முன்னாடி என்னுதுன்னு ஒத்துக்கிறதுக்கு ஒரு மனசு வேணும். அது எல்லாருக்கும் வந்துராது. என் சம்பந்திக்கு இருக்கு.

சிரிங்க, சிரிங்க. இதைக் கேட்டா எல்லாரும் இப்படித்தான் சிரிக்கிறாக.